பழைய வீடியோ கேம் மானிட்டர்: சரிசெய்யும் முறை

நம் சங்கத்து அன்பர் ஒருவர் அண்மையில் தம் வீட்டுக்கு ஒரு பழைய வீடியோ கேம் இயந்திரம் வாங்கினார். ஆள் உயர மரப்பெட்டி, காசு போடும் துவாரம், உள்ளே கண்ணாடிப் படக்குழாயுள்ள மானிட்டர். பிள்ளைகளுக்கென்று சொல்லித்தான் வாங்கினார், ஆசை அவருக்குத்தான். கொண்டுவந்து வைத்த அன்றே படத்தின் மூலையில் பச்சைத் திட்டு. "குழாய்க் கழுத்தில் நாலைந்து வளையங்கள் இருக்கின்றன, கொஞ்சம் திருகிப் பார்க்கட்டுமா அண்ணே?" என்று தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்று கத்தியே விட்டேன். அவர் கொஞ்சம் திகைத்துப்போனார். அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது பாலக்காட்டில். எலக்ட்ரானிக்ஸ் என்றாலே இன்று பெங்களூரைச் சொல்கிறார்கள். ஆனால் பி.பி.எல். நிறுவனம் 1963இல் தொடங்கப்பட்டது பாலக்காட்டில்தான். முதலில் இராணுவத்துக்கான அளவுமானிகள் செய்தார்கள். 1982இல் டில்லி ஆசிய விளையாட்டையொட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு டிவி பெட்டிகளில் பெயர் பெற்றார்கள். அந்தக் காற்று எங்கள் ஊர்ப் பையன்கள் மேலும் அடித்தது. வீதிக்கு ஒரு டிவி மெக்கானிக் முளைத்தான். நான் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஆரம்பித்து, பிறகு இடுக்கி மலையில் மூணாறு, மறையூர் என்று கருவிப்பையோடு பஸ் ஏறியவன்.

1994 என்று நினைவு. மூணாறு கடைவீதியில் ஓர் அண்ணாச்சி சிறிய கடையில் மூன்று வீடியோ கேம் இயந்திரங்கள் வைத்திருந்தார். எஸ்டேட் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது அங்கேதான் கூட்டம். அதில் ஒன்று ஜப்பானிய மானிட்டர். திரை நெட்டுக்குத்தாக நிற்கும் வகை. கடையை மாற்றியமைத்தபோது அந்தப் பெட்டியை வடக்குப் பார்த்த சுவரிலிருந்து கிழக்குப் பார்த்த சுவருக்கு நகர்த்தினார்கள். நகர்த்திய அன்றே படத்தில் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை. "தம்பி, ஆட்டத்தில் எதுவோ கழன்றுவிட்டது, பார்" என்றார். நானும் அப்படியே நினைத்து வளையங்களைத் தளர்த்தினேன். ஒரு மூலை சரியானால் மறு மூலை கெட்டது. இரண்டு நாள் திருகினேன். இரண்டாம் நாள் மாலை, இறுகிப்போன ஒரு வளையத்தைச் சற்று அழுத்தித் திருப்பியபோது 'உஸ்' என்று மெல்லிய சத்தம். படக்குழாயின் கழுத்து விரிந்து காற்று உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான், குழாய் போயிற்று. அண்ணாச்சி திட்டவில்லை, "சரி தம்பி, சாப்பிட்டுவிட்டுப் போ" என்றார். அந்தக் கடனை ஏழெட்டு மாதம் கூலியில்லாமல் வேலை செய்து கழித்தேன். வேறு குழாய் தேடிச் சென்னை ரிச்சி தெரு வரை போய்ப் பார்த்தும் பொருத்தமானது கிடைக்கவில்லை.

நடந்தது என்ன என்பதைப் பாலக்காட்டில் எனக்குத் தொழில் கற்பித்தவர்தான் பிறகு விளக்கினார். "கழன்றது எதுவும் இல்லை. பெட்டி திரும்பியது, பூமி திரும்பவில்லை" என்றார்.

வண்ணப் படக்குழாயின் பின்னாலிருந்து மூன்று எலக்ட்ரான் கற்றைகள் வருகின்றன. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. திரைக்குச் சற்று உள்ளே துளைகளுள்ள மெல்லிய இரும்புத் தகடு. ஒவ்வொரு கற்றையும் அந்தத் துளை வழியே தன் நிறப் பட்டையில் மட்டும் விழ வேண்டும். பட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. எலக்ட்ரானைக் காந்தம் வளைக்கும். பூமியே ஒரு காந்தம். ஆகவே கற்றை மயிரிழை விலகினாலும் அடுத்த நிறத்தின் பட்டையில் விழும். திட்டுத் திட்டாக நிறம் மாறுவது அதனால்தான்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானிலும் கனடாவிலும் பூமியின் காந்தப்புலம் தரைக்குள் சரிந்து இறங்குகிறது. ஆஸ்திரேலியாவில் தரையிலிருந்து மேலெழுகிறது. தென்னிந்தியாவின் கோடியில் அது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. காந்த நடுக்கோடு அருகே செல்வதே காரணம். 1963 நவம்பர் 21ஆம் நாள் இந்தியா முதல் ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகவே. மூணாறு அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. இங்கே புலத்தின் கிடைப்பகுதி சுமார் 40,000 நானோடெஸ்லா. செங்குத்துப் பகுதி மிகச் சிறிது. டொராண்டோவிலோ செங்குத்துப் பகுதி மட்டும் ஏறத்தாழ 50,000. சிட்னியிலும் ஏறத்தாழ அதே அளவு, ஆனால் எதிர்த்திசையில்.

இதனால் என்ன ஆகும்? செங்குத்துப் புலம் கற்றையைப் பக்கவாட்டில் தள்ளும். பெட்டி எந்தத் திசையைப் பார்த்தாலும் தள்ளும். பெரும்பாலான குழாய்களில் நிறப்பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடுவதால் இந்தத் தள்ளல் நேரே நிறத்தைக் கெடுக்கும். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் வடகோளத்துக்கு, தென்கோளத்துக்கு, நடுப்பகுதிக்கு என்று தனித்தனியாகச் சரிசெய்து அனுப்பினார்கள். ஜப்பானில் சரிசெய்த குழாய் கேரளத்துக்கு வந்தால், அங்கே ஈடுகட்டிய தள்ளல் இங்கே இல்லாமல் போய், ஈடு மட்டும் மிஞ்சும்.

மூணாற்றுப் பெட்டியில் இன்னொரு சிக்கல். திரை நெட்டுக்குத்தாக நின்றதால் குழாயும் படுக்க வைத்தாற்போலத் திரும்பியிருந்தது. பட்டைகள் இடமிருந்து வலமாக ஓடின. கிழக்கு நோக்கிய பெட்டியில் கற்றை கிழக்கே பாய்கிறது, புலம் வடக்கே செல்கிறது. கற்றை மேலும் கீழுமாக விலகும். சாதாரணப் பெட்டியில் இதனால் படம் சற்று மேலேறும் அல்லது இறங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நெட்டுக்குத்துத் திரையில் அதே விலகல் பட்டைகளுக்குக் குறுக்கே போகிறது. 1980இல் வந்த பேக்-மேன் இப்படிப்பட்ட நெட்டுக்குத்துத் திரைதான். குறுக்கே 224 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி. வடக்கையோ தெற்கையோ பார்த்த பெட்டியில் இன்னொரு வேடிக்கை, படம் முழுவதும் லேசாகச் சாயும்.

மருந்து மிக எளிது. டீகாஸ் காயில் எனப்படும் செம்புக்கம்பிச் சுருள் அது. மாறுமின்னோட்டம் பாய்ந்து மெல்லத் தேயும்போது, குழாயின் உள்ளிருக்கும் தகடும் கவசமும் பழைய காந்தத்தை இழந்து, இப்போது நிற்கும் இடத்துப் புலத்துக்கு ஏற்பப் புதிதாகப் படிந்துகொள்ளும். மானிட்டரிலேயே இந்தச் சுருள் உண்டு. இயக்கிய சில விநாடிகள் வேலை செய்து தானே நின்றுவிடும். அது மறுபடி வேலை செய்ய, அதனுடன் உள்ள தெர்மிஸ்டர் ஆற வேண்டும். அரைமணி நேரம் அணைத்து வைக்கவும். மூணாற்றில், 100 வோல்ட் இயந்திரத்தை நம் 230 வோல்ட்டுக்கு மாற்றிய எவரோ அந்தச் சுருளின் வயரைக் கழற்றிப் போட்டிருந்தார். எனக்கு அது தெரியவில்லை, நான் பார்க்கவும் இல்லை.

கையில் பிடிக்கும் காயில் கிடைத்தால் இன்னும் நல்லது. தள்ளி நின்று இயக்கி, திரைக்கு அருகே கொண்டுபோய் மெதுவாக வட்டமிட்டு, அப்படியே வட்டமிட்டபடி இரண்டு மீட்டர் பின்னால் வந்து, காயிலைத் திரைக்குப் பக்கவாட்டாகத் திருப்பிய பிறகே அணைக்க வேண்டும். திரைக்கு அருகிலேயே அணைத்தால் முன்பிருந்ததைவிட மோசமான திட்டு விழும். பக்கத்தில் இரும்பு பீரோ, ஒலிபெருக்கி இருந்தால் முதலில் அவற்றை நகர்த்துங்கள். பத்தில் எட்டுப் பெட்டிகள் இத்தோடு சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

இப்போது மின்சாரம். படக்குழாயின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் தங்கியிருக்கும். குழாயின் வெளிப்புறக் கரிப்பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்னல் வயரோடு இணைத்த ஸ்க்ரூடிரைவரை ரப்பர் மூடியின் அடியில் செலுத்தி அதை இறக்கும் வரை கை வைக்காதீர்கள். ஒரு கை எப்போதும் முதுகுப் பின்னால் இருக்கட்டும். இதைக் கூடவே நின்று காட்ட அனுபவமுள்ள ஒருவர் இல்லையென்றால் பின்கதவைத் திறக்கவே வேண்டாம். கட்டுரை படித்துக் கற்கும் காரியமன்று இது. அத்துடன், பல மானிட்டர்களின் சேஸிஸ் நேராக மெயின் மின்சாரத்தோடு தொடர்புள்ளது. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைக் கேம் பலகையோடு இணைத்தால் பலகை எரியும். காசுத் துவாரத்தைத் தொடும் பிள்ளைக்கும் அடிக்கும்.

முதலில் அளக்க வேண்டியது பி பிளஸ் என்ற உள் மின்னழுத்தம். பல மானிட்டர்களில் 100க்கும் 130க்கும் இடைப்பட்டது. உரிய எண் சர்க்யூட் படத்தில் இருக்கும். படம் சிறியதாக இருக்கிறதென்று இதைக் கூட்டிவிடுவது நம்மவர்களின் பழைய தவறு. கூட்டினால் ஆனோடு அழுத்தமும் ஏறும், பாகங்கள் எரியும், அளவு மீறினால் எக்ஸ்-கதிரும் வரும். படத்தின் அகலம், உயரத்துக்குத் தனித்தனித் திருகுகள் உண்டு.

இடுக்கி எஸ்டேட் லைன்களில் அன்று மாலையானால் மின்னழுத்தம் இறங்கிவிடும். பி பிளஸ்ஸை நிலைநிறுத்தும் பகுதி அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் போகும்போது படத்தின் ஓரங்கள் நெளியும். அமெரிக்கச் சர்வீஸ் புத்தகத்தில் இந்த நெளிவு மெதுவாக மேலேறும் என்று எழுதியிருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், கேமும் ஏறத்தாழ 60 என்பதால் அப்படி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே இங்கே அதே பழுது வேகமான நடுக்கமாகத் தெரியும். இது தெரியாமல் நான் எத்தனையோ நாள் கேம் பலகையைச் சந்தேகித்திருக்கிறேன். கொச்சியில் 1977இல் தொடங்கிய வி-கார்டு ஸ்டெபிலைசர் கேரளத்து வீடுகளில் டிவிக்கு அடியில் ஏன் இடம் பிடித்தது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

மானிட்டருக்குப் பதில் சாதாரண டிவியை வைத்த கடைகளும் உண்டு. நம் டிவி 625 வரி, நொடிக்கு 50 முறை. வரிகளின் வேகம் நொடிக்கு 15,625. கேமில் அது சுமார் 15,700, நொடிக்கு 60 முறை. வரி வேகத்தின் வேறுபாடு சிறியது, ஹோல்டு திருகில் பிடிபடும். 60 முறை என்பதால் படத்தின் உயரம் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அதை உயரத் திருகில் கூட்ட வேண்டும். வண்ணச் சமிக்ஞை கேம் பலகையில் பல வோல்ட் வரை போகும், டிவி உள்ளீட்டுக்கோ 0.7 வோல்ட்டே அளவு. இடையில் தடை போடாமல் இணைக்கக் கூடாது. வரிகளுக்கிடையே கறுப்பு இடைவெளி தெரிந்தால் அது பழுதன்று. கேம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரி போடுகிறது, டிவி போல இடைவெளியை நிரப்புவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் திட்டு இருந்தால்தான் வளையங்கள். பழைய நிலையை முதலில் பேனாவால் கழுத்தின் நெடுக்கில் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இறுகிய வளையத்தை வலிந்து திருப்பக் கூடாது. முதல் ஜோடி நிறத் தூய்மைக்கு. சிவப்பை மட்டும் எரியவிட்டு, யோக்கைப் பின்னுக்கு இழுத்து, சிவப்பு நடுவில் வரும்படி திருப்பி, பிறகு யோக்கை முன்னே தள்ளித் திரை முழுவதும் நிரப்ப வேண்டும். அடுத்த ஜோடி சிவப்பையும் நீலத்தையும் ஒன்றுசேர்க்கும். மூன்றாவது அந்த இரண்டையும் பச்சைமேல் கொண்டுவரும். ஓரங்களுக்கு யோக்கின் அடியில் ரப்பர் ஆப்புகள். இதற்கெல்லாம் அரைமணி நேரமாவது மானிட்டர் சூடேறியிருக்க வேண்டும். பெட்டி நிற்கப்போகும் இடத்தில், பார்க்கப்போகும் திசையிலேயே நிற்க வேண்டும். பட்டறையில் மேசைமேல் கிடத்திச் சரிசெய்து எடுத்துப்போய் வைப்பது வீண் வேலை.

பாலக்காட்டுப் பெட்டிக்கும் மூணாற்றுப் பெட்டிக்கும் வரும் நோய்கள்கூட வேறு. கணவாயின் மார்ச், ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்கடியில் நின்ற மானிட்டர்களில் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும். படத்தின் உச்சி மடியும், ஓரம் நெளியும். மலையில் மூடுபனி. காலையில் இயக்கியதும் ரப்பர் மூடியருகே 'சர்' என்ற ஒலி, ஓசோன் வாடை. படம் மங்கலாகத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் தெளியும். இது ஃபோகஸ் திருகின் குற்றமன்று. பெரும்பாலும் குழாயின் சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கும். மங்கலாக இருக்கும்போது ஃபோகஸைத் திருத்தினால் பத்து நிமிடத்தில் எதிர்ப்பக்கம் போய்விடும். சாக்கெட்டை மாற்றினால் தீர்ந்தது.

நம் அன்பருக்கு வருகிறேன். அவர் வீட்டில் அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒரு பெரிய ஒலிபெருக்கி இருந்தது. அதை நகர்த்தி, அரைமணி ஆறவிட்டு இயக்கச் சொன்னேன். பச்சைத் திட்டு பாதி குறைந்தது. மறுநாளும் அப்படியே செய்தார், மறைந்துவிட்டது. வளையங்களில் இன்னும் தொழிற்சாலையில் இட்ட பெயின்ட் அப்படியே இருக்கிறதாம்.