ஈறு இறங்கிவிட்டதா? எந்த ஒட்டு யாருக்கு?

"டாக்டர், என் பல்லு நீளமாகிட்டே போகுதே!" என்று பலர் பயந்துபோய் வருவார்கள். பல் நீளவில்லை. ஈறு இறங்கியதால், மறைந்திருக்க வேண்டிய வேர் வெளியே தெரிகிறது. ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசுவதும் இதனால்தான்.

இறங்கிய ஈறு தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது; விரலால் தேய்த்தாலும் சரி, எண்ணெய் கொப்பளித்தாலும் சரி. வேரை மூட ஒட்டு சிகிச்சை உண்டு. ஆனால் 'எது பெஸ்ட்?' என்று கேட்பதைவிட, 'என் பல்லுக்கு எது தேவை?' என்று கேளுங்கள்.

உள்திசு ஒட்டு: மேல் அண்ணத்தில் தோலைக் கதவு போலத் திறந்து, உள்ளே இருக்கும் திசுவை மட்டும் எடுத்து, மூடித் தைத்துவிடுவார்கள். எடுத்ததை வேரின் மேல் வைத்து, ஈறை இழுத்து மூடுவார்கள். நிறம் ஒத்துப்போகும். வேரை மூடுவதற்குப் பெரும்பாலும் இதுவே முதல் தேர்வு.

மேல்தோல் ஒட்டு: அண்ணத்தில் தோலோடு மெல்லிய துண்டு எடுப்பது. எடுத்த இடம் ஆற இரண்டு, மூன்று வாரமாகும். ஒட்டு வெளிறித் தெரியும் என்பதால் சிரிக்கும்போது தெரிகிற பல்லுக்கு அவ்வளவாக ஏற்றதல்ல. மெலிந்துபோன கீழ் முன்பல் ஈறைத் தடிமனாக்க நல்லது.

பக்கத்து ஈறு: பக்கத்துப் பல்லின் ஈறு தடிமனாக இருந்தால், அதையே நகர்த்தி மூடலாம். அண்ணத்தில் புண் கிடையாது. ஆனால் ஓரிரு பற்களுக்குத்தான் சரிவரும்.

ரெடிமேட் ஒட்டு: பன்றியின் கொலாஜனிலோ, தானமாகப் பெற்ற மனிதத் தோலிலோ தயாரிப்பது. அண்ணத்தைத் தொட வேண்டாம். பல பற்களுக்கு ஒரே சமயத்தில் வைக்கலாம். ஒட்டுக்குத் தனியாகச் செலவாகும். வேரை மூடுவதில் உள்திசு ஒட்டுக்குச் சற்றுப் பின்தான். எதில் செய்தது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்றால் சொல்லிவிடலாம்.

வேர் முழுசா மூடுமா?

இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள ஈறும் எலும்பும் குறையாமல் இருந்தால் முழுவதும் மூட வாய்ப்பு அதிகம். ஈறு நோயால் நடு எலும்பு கரைந்திருந்தால், எந்த ஒட்டு வைத்தாலும் ஓரளவுதான் மூடும். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்!

அதற்கும் முன்னால் காரணத்தை நிறுத்த வேண்டும். பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பது, பல் காரை, புகையிலை தொடர்ந்தால் ஒட்டு வைத்த ஈறும் இறங்கிவிடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒட்டு வைத்தபின் டாக்டர் சொல்லும்வரை அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது. 'ஒட்டிடுச்சா?' என்று கண்ணாடி முன் உதட்டை இழுத்துப் பார்க்காதீர்கள், தையல் விட்டுப்போகும்.

கூச்சமில்லை, மேலும் இறங்கவில்லை, ஈறும் தடிமனாக இருக்கிறதா? ஒட்டே தேவைப்படாமல் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துவந்தால் போதும்.