பிராங்கோஸ்கோபி அறையில் முதல் மாதம்

பிராங்கோஸ்கோபி அறையில் டியூட்டி போட்டிருக்கிறார்களா? செவிலியரோ டெக்னீஷியனோ, ஒன்றை முதலில் மனதில் இருத்துங்கள். நுரையீரலில் கட்டியோ என்ற சந்தேகத்தோடு வருபவரிடமிருந்து டாக்டர் எடுக்கும் சதைத் துணுக்கு அரிசி நொய் அளவுதான். புற்றுநோயா, என்ன வகை, எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரிய வேண்டும். அதைப் பத்திரமாக லேபுக்குச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

நோயாளி வந்ததும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள். "ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர், டீ மட்டும்தான்" என்பார்கள். பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை. பெயர் பலருக்குத் தெரியாது, "ஹார்ட் மாத்திரை" என்பார்கள். அட்டையை வாங்கிப் பாருங்கள். குளோபிடோக்ரெல் என்றால் பயாப்ஸிக்கு 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அதை நிறுத்தச் சொல்வதும் டாக்டர்தான், நாமல்ல.

எடையைக் கட்டாயம் பாருங்கள். தொண்டையில் அடிக்கும் ஸ்ப்ரே, மூக்கில் தடவும் ஜெல்லி, பிராங்கோஸ்கோப் குழாய் வழியே விடுவது எல்லாம் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன்தான். மொத்த அளவை எடையோடு ஒப்பிட்டு ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

சி.டி. ஸ்கேனைத் திரையில் போட்டு, கட்டி வலமா இடமா என்று பலகையில் பெரிதாக எழுதுங்கள். குளிர்ந்த சலைனும் அட்ரினலினும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரத்தம் கொட்டினால், அந்தப் பக்கத்து நுரையீரல் கீழே இருக்கும்படி நோயாளியைத் திருப்ப வேண்டும். இல்லையேல் ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அந்தப் பதற்றத்தில் எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரமிருக்காது.

இனி பாட்டில்கள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பயாப்ஸித் துணுக்கு ஃபார்மலினில் போகும். ஆனால் நம் ஊரில் காசநோயும் ஸ்கேனில் கட்டி போலவே தெரியும், அதனால் டி.பி. கல்ச்சருக்கும் ஒரு பங்கு அனுப்புவார்கள். அது நார்மல் சலைனில்தான் போக வேண்டும். ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் எதுவும் வளராது. இரண்டு பாட்டிலுக்கும் முன்கூட்டியே லேபிள் ஒட்டி, தனித்தனி ட்ரேயில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டியிலிருந்து ஐந்து துணுக்காவது எடுப்பது வழக்கம். இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணுச் சோதனைகளுக்கும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும்.

முடிந்ததும் தொண்டை மரத்திருக்கும். சுமார் இரண்டு மணி நேரத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம். சளியில் லேசாக ரத்தம் தெரிவது சகஜம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள்.

"கட்டிதானா சிஸ்டர்?" என்று வாசலிலேயே வீட்டார் கேட்பார்கள். ரிப்போர்ட் வராமல் ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். ரிப்போர்ட் வரும் தேதியை எழுதிக் கொடுத்து, செல்போன் எண்ணை வாங்கி வையுங்கள். அன்று வராதவரை நீங்களே போன் போட்டு அழையுங்கள்.