இரைப்பைக்கு ஒரு சாளரம்

இன்று மருத்துவர் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, நம் இரைப்பையின் உட்புறத்தைச் சில நிமிடங்களில் கண்டுவிடுகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்போ, உண்ட உணவு உள்ளே என்னவாகிறது என்பதே பெரும் விவாதமாக இருந்தது. அரைபடுகிறது என்றனர் சிலர். அழுகுகிறது என்றனர் வேறு சிலர்.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் ரியோமூர், உலோகக் குழாயில் இறைச்சியை வைத்துப் பருந்து ஒன்றை விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாய் நசுங்கவில்லை. உள்ளிருந்த இறைச்சியோ கரைந்திருந்தது. ஆகவே, உணவைக் கரைப்பது இரைப்பை நீரே என்பது புலனாயிற்று. 1824இல் வில்லியம் பிரவுட் அந்நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைக் கண்டறிந்தார்.

மனித இரைப்பையை நேரில் காணும் வாய்ப்பு ஒரு விபத்தால் வந்தது. 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் தொழிலாளியின் மீது துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் அவரைக் காப்பாற்றினார். புண் ஆறியது, இரைப்பைக்குச் செல்லும் துளை மட்டும் மூடவில்லை.

1825 முதல் போமாண்ட் பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி, அத்துளை வழியே இறக்கி, குறித்த நேரத்தில் வெளியே எடுத்து ஆராய்ந்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடலின் வெப்பநிலையில் வைத்தபோதும் இறைச்சி கரைந்தது; ஆனால் மெதுவாகவே கரைந்தது. செரிமானம் ஒரு வேதிவினை என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. சினமும் மனக்கலக்கமும் செரிமானத்தைக் குலைப்பதையும் அவர் கண்டார். 200க்கும் மேற்பட்ட சோதனைகளின் முடிவுகளை 1833இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வறிவுக்கு விலை கொடுத்தவர் செயின்ட் மார்ட்டின். வறுமையில் வாடிய அவர், ஊதியத்திற்காக ஒப்பந்தத்தில் கட்டுண்டார். சோதனைகளை வெறுத்துப் பலமுறை வீடு திரும்பினார். 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்து ஆராயாதிருக்க, குடும்பத்தினர் அதனை ஆழமாகப் புதைத்தனர்.

அன்பார்ந்த வாசகர்களே, இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, அமைதியான மனத்துடன் உண்பது செரிமானத்திற்குத் துணைபுரியும். மற்றொன்று, சோதனைக்கோ சிகிச்சைக்கோ ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், அதன் நோக்கத்தையும் விளைவுகளையும் கேட்டறிவது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.