டைனோவில் காரை ஏற்றும் முன்

காரின் சக்தியைச் சோதிக்கும் கருவியான டைனோ ஒன்றில் 180 எச்பி காட்டிய கார், இன்னொன்றில் 165 காட்டலாம். இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எந்த டைனோவும் குதிரைத்திறனை நேராக அளப்பதில்லை. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. எடை தெரிந்த உருளையைச் சக்கரங்கள் எவ்வளவு வேகமாகச் சுழற்றுகின்றன என்று பார்ப்பது ஒரு வகை. உருளைக்குக் காந்த பிரேக் போட்டு அதன் மீது விழும் விசையை அளப்பது இன்னொரு வகை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹப்பிலேயே பொருத்தும் வகையில் டயர் வழுக்கலுக்கு இடமே இல்லை.

செய்ய வேண்டியவை

• டியூனிங்குக்கு முன்னும் பின்னும் அதே டைனோவுக்கே போங்கள். கியர், டயர் காற்று, காரைக் கட்டும் பெல்ட்டின் இறுக்கம் எதுவும் மாறக்கூடாது. உருளை டைனோவில் கியரைக் குறைத்தால் எண்ணும் குறையும்: எஞ்சினின் சொந்தப் பாகங்களே விரைவாக வேகமெடுக்க வேண்டியிருப்பதால், சக்தியில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. கனமான அலாய் வீல் போட்டாலும் இதே கதைதான்.

• காற்றின் நிலைக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்ய எந்தத் திருத்த முறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டது. பழைய எஸ்டிடி முறை குளிர்ந்த, அடர்ந்த காற்றுக்கானது. அதே ஓட்டம் எஸ்டிடியில் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும்.

• அலகையும் பாருங்கள். 100 கிலோவாட் என்பது 136 பிஎஸ், 134 பிஎச்பி.

• மூன்று முறையாவது ஓடவிட்டு, ஒத்துப்போகும் கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

• சக்கரத்தில் வந்த எண்ணோடு 15 சதவீதம் கூட்டி 'எஞ்சின் பவர்' என்று சொல்லாதீர்கள். கியர் ஆயிலின் சூடு, டயர், கியர் எல்லாம் இழப்பை மாற்றும். நிலையான விகிதம் கிடையாது.

• டர்போ காருக்குத் திருத்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மெல்லிய காற்றிலும் டர்போ கூடுதலாகச் சுழன்று அழுத்தத்தைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். அதன்மேல் முழுத் திருத்தமும் போட்டால், இல்லாத சக்தி தாளில் ஏறும்.

• சிறிய ஃபேனை வைத்து ஓட்ட விடாதீர்கள். இன்டர்கூலர் சூடேறினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் எண் இறங்கும்.

• ஒரே தாளைக் காட்டிக் கம்பெனியோடு சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி சொல்வது எஞ்சினில் அளந்த எண். சக்கரத்தில் அது குறையத்தான் செய்யும். 1999 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 எச்பி என்று அறிவித்திருந்தார்கள். இயல்பான இழப்பைக் கழித்தும் கணக்கு உதைத்தது, அதுவும் பல கார்களில். அதனால்தான் ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட்டையும் சரிசெய்து கொடுத்தது.