சாய்ந்து ஓட்டும் சைக்கிளும் ஒரு சிறு எஞ்சினும்

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் என்ன செய்கிறார்? யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஹாண்டில் பாரின்மீது குனிந்துகொள்கிறார். காற்று மோதும் பரப்பு குறைகிறது. மிதிப்பது சற்று எளிதாகிறது. முன்னால் குனிவதற்குப் பதிலாகப் பின்னால் சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்தாலும் இதே பலன் கிடைக்கும் அல்லவா? சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் அமர்ந்து மிதிக்கும்படி அமைத்த வண்டியைச் 'சாய்வுச் சைக்கிள்' என்று அழைப்போம்.

இத்தகைய சைக்கிளில் ஒரு சிறு எஞ்சினைப் பொருத்தி, சங்கிலியால் பின் சக்கரத்தை ஓட்டுவது எப்படி என்பதை இங்கே காண்போம். இரும்புக் குழாயை வெட்டுவதற்கு முன் காகிதத்தில் போடவேண்டிய கணக்குகள் மூன்று. எவ்வளவு திறன் வேண்டும்? பற்சக்கரங்களுக்கு எத்தனை பற்கள் வேண்டும்? பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும்? மூன்றுக்கும் உங்கள் பள்ளி இயற்பியலே போதும். மூன்றாவது கணக்கைப் போடாமல் விட்டாலும் வண்டி நன்றாகவே ஓடும், நிற்பதில்தான் ஆபத்து.

பாரிஸில் ஒரு மணி நேரம்

பிரான்சைச் சேர்ந்த சார்ல் மோஷே என்பவர் பெடல் மிதித்து ஓட்டும் சிறு வண்டிகளைச் செய்துவந்தார். அவர் அமைத்த சாய்வுச் சைக்கிளில் ஏறி, பிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர் 1933 ஜூலை 7 அன்று பாரிஸ் நகரப் பந்தயத் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. தூரம் ஓட்டினார். அதற்கு முன்பிருந்த சாதனை, சுவிட்சர்லாந்து வீரர் ஆஸ்கர் எக் 1914-இல் நிகழ்த்திய 44.247 கி.மீ. ஆகும். முதல் வரிசை வீரராகக் கருதப்படாத ஒருவர், உட்காரும் விதத்தை மாற்றியதாலேயே 19 ஆண்டுச் சாதனையைக் கடந்துவிட்டார்!

விளைவு என்ன? 1934-இல் சர்வதேசச் சைக்கிள் சங்கம் இத்தகைய வண்டிகளை வழக்கமான பந்தயங்களிலிருந்து விலக்கிவைத்தது. ஆனால் இயற்பியல் விதிகளை யாரும் விலக்கிவைக்க முடியாதே! 2016-இல் கனடாவைச் சேர்ந்த டாட் ரெய்கர்ட், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், முழுவதும் கூடு போர்த்திய சாய்வுச் சைக்கிளில் எஞ்சின் ஏதுமின்றி மணிக்கு 144 கி.மீ. வேகத்தை எட்டினார். காற்றுத் தடையைக் குறைப்பதன் பலன் எவ்வளவு பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முதற் கணக்கு: எவ்வளவு திறன்?

சமதளத்தில் ஓடும் சைக்கிளைத் தடுக்கும் விசைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் தரையில் உருள்வதால் வரும் தடை. மற்றது காற்றுத் தடை. ஆளும் வண்டியும் எஞ்சினும் சேர்ந்து 100 கிலோகிராம் என்று கொள்வோம். நன்கு காற்றடித்த டயரில் உருளும் தடை, எடையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அதாவது 10 நியூட்டன். வேகம் கூடினாலும் இது அதிகம் மாறுவதில்லை.

காற்றுத் தடை அப்படியல்ல. அதன் சூத்திரம் இது:

காற்றுத் தடை = ½ × காற்றின் அடர்த்தி × தடைப் பரப்பு × வேகம் × வேகம்

ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். முன்னிருந்து பார்த்தால் தெரியும் பரப்பையும், வடிவத்தைப் பொறுத்த ஓர் எண்ணையும் பெருக்கி வருவதே தடைப் பரப்பு. நிமிர்ந்து அமர்ந்தவருக்கு இதை 0.6 சதுர மீட்டர் என்றும், சாய்ந்து அமர்ந்தவருக்கு 0.3 சதுர மீட்டர் என்றும் நம் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம்.

வேகம் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. நிமிர்ந்தவருக்குக் காற்றுத் தடை 36 நியூட்டன். சாய்ந்தவருக்கு 18 நியூட்டன். உருளும் தடையைக் கூட்டினால் முறையே 46, 28 நியூட்டன். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். நிமிர்ந்தவருக்கு 460 வாட், சாய்ந்தவருக்கு 280 வாட்.

எஞ்சின் பெரிதாக இருந்தால் வேகமும் அதே அளவில் பெருகும் என்று பலர் எண்ணுகிறார்கள். வேகத்தை இரு மடங்காக்கிப் பாருங்கள். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சாய்ந்தவருக்கே காற்றுத் தடை 72 நியூட்டன். மொத்தம் 82 நியூட்டன். திறன் 1,640 வாட். வேகம் இரண்டு மடங்கு, திறனோ ஏறத்தாழ ஆறு மடங்கு! சமதளத்தில் எஞ்சினைப் பெரிதாக்குவதைவிடத் தடைப் பரப்பைச் சிறிதாக்குவதே மலிவான வழி.

அப்படியானால் எஞ்சின் எதற்கு? இப்போது ஒரு மேட்டில் ஏறுவோம். 20 மீட்டர் தூரத்திற்கு 1 மீட்டர் உயரும் மேடு என்க. புவியீர்ப்பு நம்மைப் பின்னுக்கு இழுக்கும் விசை, எடையில் இருபதில் ஒரு பங்கு. அதாவது 49 நியூட்டன். சாய்ந்து அமர்வதால் இதில் ஒரு நியூட்டன்கூடக் குறையாது. மேலும், சாதாரணச் சைக்கிளில் மேடு வந்தால் எழுந்து நின்று, உடல் எடை முழுவதையும் பெடல்மேல் போட்டு மிதிக்கிறோம். சாய்ந்தவரால் எழுந்து நிற்க முடியாது. அவர் தொடர்ந்து 100 வாட் திறன் தருவாரானால், இந்த மேட்டில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில்தான் ஏறுவார். அது நடப்பவரின் வேகத்தைவிடச் சற்றே அதிகம். அந்த வேகத்தில் வண்டி தள்ளாடும்.

ஆக, சமதளத்தில் எதிரி காற்று. அதைச் சாய்வு பார்த்துக்கொள்கிறது. மேட்டில் எதிரி புவியீர்ப்பு. அதைத்தான் எஞ்சின் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன், அதாவது 750 வாட் எஞ்சின் இருந்தால், சங்கிலியில் பத்தில் ஒரு பங்கு வீணானாலும், இதே மேட்டில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறலாம். அதற்கு மேல் பெரிய எஞ்சின் நமக்குத் தேவையில்லை.

இரண்டாம் கணக்கு: எத்தனை பற்கள்?

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்லப் பல வழிகள் உண்டு. 1946-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் என்ற வண்டியில், எஞ்சினின் உருளை ஒன்று முன் டயரை அழுத்தி, உராய்வினால் அதைச் சுழற்றியது. அமைப்பு எளியது. ஆனால் மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். செயின் என்று நாம் சொல்லும் சங்கிலி வழுக்காது. இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் சங்கிலியை 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அமைத்தவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட்.

பின் சக்கரத்தின் விட்டம் 26 அங்குலம், அதாவது 66 செ.மீ. என்க. சுற்றளவு 2.07 மீட்டர். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்திற்கு 290 சுற்றுகள் சுற்றும். சிறு எஞ்சினோ நிமிடத்திற்கு 5,000 சுற்றுகளுக்கு மேல் ஓடும்போதுதான் தன் முழுத் திறனைத் தரும். 5,220 சுற்றுகள் என்று கொண்டால், எஞ்சின் 18 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றவேண்டும்.

எஞ்சின் அச்சில் 10 பற்கள் கொண்ட சக்கரத்தை மாட்டினால், பின் சக்கரத்தில் 180 பற்கள் வேண்டும். சைக்கிள் சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எனவே 180 பற்கள் கொண்ட சக்கரத்தின் விட்டம் 73 செ.மீ. ஆகிறது. வண்டிச் சக்கரத்தைவிடப் பற்சக்கரம் பெரிது! அது தரையில் இடித்து நிற்கும்.

எனவே வேகத்தை இரண்டு கட்டங்களாகக் குறைக்கவேண்டும். சைக்கிளில் பொருத்துவதற்கென்றே வரும் சிறு எஞ்சின்களில் முதற் கட்டம் உள்ளேயே பல்லிணையாக அமைந்திருக்கும். 20 பற்கள் 82 பற்களைச் சுழற்றினால் வேகம் 4.1 மடங்கு குறையும். வெளியே 10 பற்களிலிருந்து 44 பற்களுக்குச் சங்கிலி போட்டால் இன்னும் 4.4 மடங்கு குறையும். 4.1 × 4.4 = 18. பின் சக்கரத்துப் பற்சக்கரத்தின் விட்டம் இப்போது 18 செ.மீ. மட்டுமே.

இந்தச் சங்கிலி எஞ்சினின் இழுப்பைத் தாங்குமா? 10 பற்கள் கொண்ட சக்கரம் விநாடிக்கு 21 சுற்றுகளுக்குச் சற்று மேல் சுற்றும்போது, சங்கிலி விநாடிக்கு 2.7 மீட்டர் ஓடுகிறது. 750 வாட்டை 2.7-ஆல் வகுத்தால் இழுவிசை 278 நியூட்டன். 65 கிலோகிராம் ஆள் ஒருவர் சாதாரணச் சைக்கிளின் பெடல்மேல் ஏறி நின்றால், சங்கிலியில் எழும் இழுவிசை ஏறத்தாழ 1,200 நியூட்டன்! எஞ்சினைவிட நம் கால் நான்கு மடங்கு பலமாகச் சங்கிலியை இழுக்கிறது.

இருந்தும் எஞ்சின் சங்கிலி விரைவில் தேய்வது ஏன்? எஞ்சினின் இழுப்பு சீரானதல்ல. இரு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. விநாடிக்கு 87 உதைப்புகள். 278 நியூட்டன் என்பது வெறும் சராசரி. மேலும், 10 பற்கள் கொண்ட சக்கரத்தில் சங்கிலி வட்டமாகச் சுற்றுவதில்லை; பத்துப் பக்கங்கள் கொண்ட பலகோணமாகச் சுற்றுகிறது. அதனால் ஒவ்வொரு பல்லுக்கும் சங்கிலியின் வேகம் 5 சதவீதம் ஏறி இறங்குகிறது. 20 பற்கள் இருந்தால் இது 1.2 சதவீதந்தான். எனவே எஞ்சினுக்குக் கனமான சங்கிலி போடுவதே முறை.

பொருத்தும் முறை

எஞ்சினை இருக்கைக்குப் பின்னால், இயன்ற அளவு தாழ்வாக வைக்கவேண்டும். பெடலிலிருந்து வரும் நீண்ட சங்கிலி வலப்பக்கம் ஓடட்டும். எஞ்சின் சங்கிலி இடப்பக்கம் இருக்கட்டும். இரு பற்சக்கரங்களும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். சற்றே கோணலாக இருந்தாலும் சங்கிலி கழன்று ஆரக்கம்பிகளில் சிக்கும். ஓடும் வேகத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒன்றரை செ.மீ. அளவு தளர்வு இருக்கலாம். நீண்ட பெடல் சங்கிலி தொங்காமலிருக்க, இழுப்பில்லாத கீழ்ப் பக்கத்தில் ஒரு சிறு உருளையைத் தாங்கலாக வையுங்கள். இழுப்புள்ள மேற்பக்கத்தில் வைத்தால் உராய்வில் திறன் வீணாகும்.

பெடல் பக்கம் ஃப்ரீவீல் அவசியம். இல்லாவிடில் எஞ்சின் ஓடும்போது பெடலும் சுற்றிக் காலை முறிக்கும். எஞ்சின் பக்கம் கிளட்ச் வேண்டும். சங்கிலிக்கு மூடி போடாமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது.

மூன்றாம் கணக்கு: எங்கே நிற்கும்?

மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் நம் வண்டியின் இயக்க ஆற்றல் 1,250 ஜூல். 36 கி.மீ. வேகத்தில் 5,000 ஜூல். இவ்வளவையும் பிரேக் கட்டைகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகும் என்றும், பிறகு வேகம் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் குறையும் என்றும் கொள்வோம். 18 கி.மீ. வேகத்தில் வண்டி 9 மீட்டரில் நிற்கும். 36 கி.மீ. வேகத்தில் 27 மீட்டர் வேண்டும். வேகம் இரு மடங்கு. நிற்கும் தூரம் மூன்று மடங்கு. எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக்கின் பிடி வெகுவாகக் குறையும். ஆகவே சக்கரத்தின் நடுவில் அமையும் டிரம் பிரேக்கே எஞ்சின் வண்டிக்கு ஏற்றது.

இங்கே சாய்வுச் சைக்கிளுக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. சாதாரணச் சைக்கிளில் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால், முன் பிரேக்கை வேகமாக அழுத்தினால் ஆள் தலைகுப்புற விழுவார். இரு சக்கரங்களுக்கும் இடையே நல்ல இடைவெளி விட்டு அமைத்த சாய்வுச் சைக்கிளில் ஈர்ப்பு மையம் தாழ்வாகவும் முன் சக்கரத்திலிருந்து வெகு பின்னாலும் இருப்பதால், அது கவிழ்வதில்லை. இது நன்மை. ஆனால் அதே தாழ்வினால் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். உயரமான கம்பு ஒன்றில் பளிச்சென்ற கொடி கட்டுவது அலங்காரமல்ல, உயிர்க் காப்பு.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 25 கன செ.மீ. கொள்ளளவுக்கு மேற்பட்ட எஞ்சின் பொருத்தினால், அது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் வாகனமே. பதிவும் காப்பீடும் உரிமமும் இன்றிப் பொதுச் சாலையில் அதை ஓட்டக்கூடாது. 50 கன செ.மீ. வரையுள்ள வண்டிக்கு 16 வயதும், அதற்கு மேற்பட்டதற்கு 18 வயதும் நிறைந்திருக்கவேண்டும். செய்து பார்க்க விரும்புவோர் பட்டறை அனுபவமுள்ள பெரியவர் ஒருவரின் துணையுடன், சுற்றுச்சுவர் உள்ள மைதானத்திலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

எஞ்சின் இல்லாமலே இரண்டு சோதனைகள் செய்யலாம். முதலாவது: பள்ளி மைதானத்தில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். காற்றடிக்காத காலை வேளையில் சைக்கிளில் சீரான வேகத்தில் அவற்றைக் கடந்து, இரண்டாம் கோட்டில் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். நண்பர் ஒருவர் கோடுகளைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கட்டும். வண்டி தானாக நிற்கும் தூரத்தை அளவிடுங்கள். ஒரு முறை நிமிர்ந்து உட்கார்ந்தும், ஒரு முறை நன்கு குனிந்தும் அதே வேகத்தில் செய்யுங்கள். எதில் தூரம் அதிகம்? மெதுவான வேகத்தில் வேறுபாடு குறைவாகவும், வேகமாகச் செல்லும்போது அதிகமாகவும் இருப்பது ஏன்?

இரண்டாவது: உங்கள் சைக்கிளின் முன் பற்சக்கரத்திலும் பின் ஃப்ரீவீலிலும் உள்ள பற்களை எண்ணுங்கள். 44 பற்களும் 18 பற்களும் இருந்து, சக்கரம் 28 அங்குலமானால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் போகவேண்டும். டயரில் சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, வண்டியைத் தள்ளி அளந்து சரிபாருங்கள். கணக்கும் அளவும் ஒத்துவந்தால், எஞ்சின் வண்டிக்குத் தேவையான இரண்டாம் கணக்கை நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.