கூருக்குப் பின்னால் இருக்கும் கனம்

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். காலையில் தோட்டத்தில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் 16 எம்.எம். லேட்டரல் குழாய், நைலான் கயிறு, உரமூட்டையின் தையல், டிரிப்பர் வந்த அட்டைப்பெட்டி என்று எதையாவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மதியம் தோட்டக்காரர் பறித்துத் தரும் கொய்யாவையும் அதே கத்தியைக் கழுவித்தான் நறுக்குவேன். அதனால் நல்ல மடக்குக் கத்தி ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஆறு வருடத்துக்கு முன்னால் 18,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். டைட்டானியம் கைப்பிடி, பிளேடில் பெயர்பெற்ற எஃகின் முத்திரை, திறந்தால் 'டக்'கென்று வந்து நிற்கும் லாக். முதல் நாளே கொய்யாவில் வைத்தேன். பாதி தூரம் இறங்கியதும் பழம் 'படக்'கென்று பிளந்து, ஒரு பாதி மண்ணில் விழுந்தது. குழாயை வெட்டினால் கத்தி ஒரு பக்கமாக ஒதுங்கி, வாய் கோணலாக வந்தது. கோணல் வாய் ஜாயின்டரில் சரியாக உட்காராது. தண்ணீர் விட்டதும் அங்கேதான் கசியும். தோட்டக்காரப் பெரியவர், "தம்பி, இதுல வெட்டிப் பாருங்க" என்று மடியிலிருந்த பேனாக்கத்தியை எடுத்துக் கொடுத்தார். அவர் சந்தையில் வாங்கியது. குழாய் நசுங்கவே இல்லை. வாய் வட்டமாக விழுந்தது.

அன்று இரவு வெர்னியரை எடுத்து இரண்டையும் அளந்தேன். கூரின் சாய்வு எங்கே முடிகிறதோ, அதற்கு ஒரு மயிரிழை மேலே. பெரியவருடைய கத்தியில் 0.35 எம்.எம். என்னுடையதில் 0.9. விஷயம் அங்கேதான் இருந்தது. கூர் பொருளைத் திறக்கிறது. திறந்த வழியில் அதற்குப் பின்னால் இருக்கும் கனம் முழுவதும் நுழைந்தாக வேண்டும். அது தடித்திருந்தால், எவ்வளவு தீட்டினாலும் கத்தி வெட்டாது, ஆப்பு மாதிரி பிளக்கும். இந்த அளவை எந்தப் பெட்டியின் மேலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. எஃகின் பெயரை மட்டும் எல்லாரும் பெரிதாகப் போடுகிறார்கள். இப்போதெல்லாம் யாருடைய கத்தியைக் கையில் வாங்கினாலும் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். அன்றாட வேலைக்கு 0.5க்குள் இருந்தால் நல்லது. பிரான்சில் 1890இல் தொடங்கிய ஒபினெல் கத்திகள் மரப்பிடி போட்ட, விலை மலிவான சாமான்கள். பிளேடு மெலிசு என்பதால் பழம் நறுக்குவதில் பல மடங்கு விலையுள்ள கத்திகளை அவை தோற்கடிக்கும். மெலிந்த கூரில் ஒரு எச்சரிக்கை: கட்டுக்கம்பியை வெட்டவோ மூடியை நெம்பவோ கூடாது, விளிம்பு உடைந்துவிடும்.

அப்படியானால் அதிகக் காசு எதற்கு என்று கேட்கலாம். அதற்கான பதில் எனக்கு மச்சான் மூலமாகக் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து வந்தவர் கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் சின்ன செபென்சா மடக்குக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து, ஊரில் இருந்த மூன்று வாரமும் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். ரீவ் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989இல் அமெரிக்கா போய், ஐடஹோ மாநிலத்தின் பாய்சியில் பட்டறை போட்டவர். செபென்சா என்பது ஜூலு மொழியில் வேலையைக் குறிக்கும் சொல். கைப்பிடியின் டைட்டானியப் பட்டையையே கீறி வில்லாக்கி, திறந்த பிளேடின் அடியில் வந்து முட்டும்படி செய்த லாக் அவருடைய யோசனை. இன்று உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகிறார்கள். அந்தக் கத்தியில் நான் கற்றது, துல்லியம் என்றால் கைக்கு எப்படித் தெரியும் என்பது. திறந்து பிடித்து நுனியை இடவலமாக அசைத்தேன், மேலும் கீழுமாக அசைத்தேன். துளி ஆட்டம் இல்லை. ஆனாலும் திறக்கும்போது இறுக்கம் இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக அமைவதற்குத்தான் காசு.

நீங்கள் வாங்கும் கத்தியில் இடவல ஆட்டம் இருந்தால் அச்சுத் திருகை ஒரு இழை இறுக்கிச் சரிசெய்யலாம். மேல்கீழ் ஆட்டம் லாக்கின் குறை. அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லாக் பட்டை பிளேடின் அடிப்பாகத்தில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்றும் பாருங்கள். புதுக் கத்தியிலேயே மறுபக்கம் வரை போயிருந்தால், தேய்மானத்துக்கு இடமே இல்லை. விரல்களை வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, பிளேடின் முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், மடங்கக் கூடாது. மூடிய கத்தியைக் கீழ்நோக்கிப் பிடித்து உதறினால் திறக்கவும் கூடாது. கால்சட்டைப் பையில் தானாகத் திறந்த கத்தியால் தொடையிலும் கையிலும் காயம் பட்டவர்களை எனக்குத் தெரியும்.

எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்30வி எஃகில் சுமார் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. கூர் நெடுநாள் நிற்கும். மழுங்கினால் சாதாரணக் கல்லுக்கு லேசில் மசியாது, டைமண்ட் கல் வேண்டும். அந்தக் கல்லின் விலையையும் கத்தியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். தீப்பொறி பறக்கும் சூட்டில் மெலிந்த கூரின் பதம் போய்விடும். என் 18,000 ரூபாய்க் கத்தியை நானே டைமண்ட் கல்லில் தண்ணீர் விட்டுத் தட்டையாகப் படுக்க வைத்து, இரவுக்கு அரைமணி நேரமாக ஒரு மாதம் தேய்த்தேன். பக்கவாட்டில் மினுமினுப்பெல்லாம் போய்க் கீறலாகிவிட்டது. கூருக்குப் பின்னால் இப்போது 0.45. இன்று வரை குழாய் வெட்டுவது அதில்தான்.

பயணத்தில், விமானம் என்றால் செக்-இன் பெட்டிக்குள்தான் போக வேண்டும். லண்டனில் படிக்கும் அக்கா மகன் ஒன்று கேட்டபோது, லாக் உள்ளதை வாங்காதே என்றேன். காரணம் காட்டாமல் வெளியே எடுத்துப் போக, அங்கே மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, லாக் இல்லாத மடக்குக் கத்திக்குத்தான் சட்டம் இடம் தருகிறது.

உரமூட்டை அறுத்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள். துரு ஏறாத எஃகு என்று எழுதியிருந்தாலும் உரத்தின் உப்பு அச்சுக்குள் தங்கினால் புள்ளி விழும். கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்து, அச்சில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசினாகி, கத்தி திறக்க மறுக்கும்.