சமூகப் பணியாளர்: தேவையும் கிராக்கியும்

நூலைப் பற்றிப் பேசுமிடத்துத் தேவை என்பதையும் கிராக்கி என்பதையும் நாம் ஒன்றாகக் கொள்வதில்லை. நூறு தறிகள் நூலின்றி நின்றால் அது தேவை. பணங்கொடுத்து வாங்குவோர் வந்தால்தான் அது கிராக்கி. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் விஷயத்திலும் அங்கத்தினர்கள் இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஊருக்கு உழைக்கும் நல்லவர்களை நாம் குறைத்து மதிப்பதாக எவரும் எண்ண வேண்டா. ஆயினும், கடனில் மூழ்கிய குடும்பத்தையும், குடிக்கு அடிமையானவரையும், பள்ளியை விட்ட சிறுவனையும் அணுகி, உண்மை நிலையறிந்து, அவர்களே எழுந்து நிற்குமாறு செய்வது பயின்று வரவேண்டிய தொழில். இதற்கென இந்தியாவின் முதற் பள்ளி 1936 இல் பம்பாயில் தோன்றியது. டாடா அறநிலையம் பொருளுதவ, கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர் அதன் முதல் இயக்குநரானார். அதுவே பின்னர் டாடா சமூக அறிவியல் கழகமாயிற்று. சென்னையில் 1952 இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் ஒரு பள்ளி எழுந்தது.

பள்ளிகள் ஆட்களைத் தந்தன. ஊதியம் தருவோர் யார்? 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகள் நல அலுவலரை நியமிக்க வேண்டுமென விதித்தது. சட்டத்தின் கட்டளையால் பிறந்த கிராக்கி அது. மாணவர் பலரும் தொழிலாளர் நலப் பிரிவையே நாடினர். இவ்வாறு சென்றோருள் பலர் நாளடைவில் நிர்வாகத்தின் ஆட்களாகவே ஆயினர் என்பது நம் கருத்து. 2020 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அந்த 500 என்னும் வரம்பை 250 ஆகக் குறைத்தது. குறைத்தும் நமக்கென்ன?

கைத்தறி நெசவு பெரும்பாலும் வீட்டில் நடப்பது. 2019-20 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இத்தொழிலில் இருப்போர் 35.22 லட்சம் பேர். ஒரே தெருவில் ஆயிரம் பேர் நெய்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அத்தெரு ஆலையன்று. ஆதலின் நல அலுவலரும் இல்லை. சொந்த நிலத்தில் பயிரிடுவோர் நிலையும் அதுவே.

கிராமத்திற்கு ஆள் அனுப்பும் முயற்சி நடவாமலில்லை. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. நூறு கிராமங்கள் கொண்ட வட்டாரத்திற்குப் பத்துக் கிராம சேவகர் என்பது ஏற்பாடு. விதை, உரம், கணக்கேடு ஆகியவற்றைச் சுமந்து பத்துக் கிராமம் சுற்றுபவருக்கு ஒரு வீட்டின் துயரை அமர்ந்து கேட்க நேரம் ஏது?

பின்வந்த சட்டங்களும் கிராக்கியை வளர்த்தன. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறார் நீதிக் குழுமம் ஒவ்வொன்றிலும் நடுவருடன் சமூகப் பணியாளர் இருவர் அமர்வர். அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். மருத்துவமனைச் சமூகப் பணியாளரை 2021 ஆம் ஆண்டுச் சட்டமொன்று உடல்நலத் தொழிலினர் பட்டியலிற் சேர்த்தது. எனினும் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு போன்றவற்றில் பதவிகள் பெரிதும் ஒப்பந்த அடிப்படையிலேயே உள்ளன. பட்டம் பெற்றவர் இதனை விட்டு வேறு வேலை தேடுவதும், ஊர்கள் ஆளின்றிக் கிடப்பதும் ஒரே காலத்தில் நிகழ்வது இதனாலேயாம். விளைச்சல் இருந்தும் விலையில்லாமற்போன சந்தையைக் கண்ட நமக்கு இது புதிதன்று.

தனியொரு சங்கம் ஒருவருக்கு ஊதியம் தருதல் அரிது. அண்டையிலுள்ள நான்கைந்து சங்கங்கள் சேர்ந்தால் இயலும். இதனைப் பொதுப்பேரவையில் விவாதித்து முடிவுசெய்வது அங்கத்தினர் உரிமை. செலவின்றித் தொடங்கவும் வழியுண்டு. சமூகப் பணி பயிலும் மாணவர் வகுப்போடு களப்பணியும் செய்தாக வேண்டும். அதற்கு ஏதேனும் ஓர் அமைப்பிற் சென்று பழகுவர். அருகிலுள்ள கல்லூரியின் சமூகப் பணித்துறைக்குச் சங்கத் தலைவர் கடிதம் எழுதி, நம் சங்கத்தையும் அத்தகைய களமாக ஏற்குமாறு கேட்கலாம். கல்வியாண்டு தொடங்குமுன் எழுதுதல் நன்று. வரும் மாணவருக்கு வழிகாட்ட, வீடுகளை அறிந்த மூத்த அங்கத்தினர் ஒருவரைச் சங்கம் முன்னதாகவே குறித்து வைத்தல் வேண்டும்.